பழைய ஏட்டை எரிக்கலாமா?

"விளையாட்டுத்தானே!" என்ற ஒரு சொல்லைச் சொல்லி எத்தனையோ நல்ல கேள்விகளை நாம் ஒதுக்கிவிடுகிறோம். நாடகம் கலை என்றார் நம் பாட்டனார். திரைப்படமும் கலையே என்றார் நம் தந்தையார். கணினி விளையாட்டு என்றதும் இருவரும் சேர்ந்து முகம் சுளிக்கின்றனர். சுளிப்பவர் சுளிக்கட்டும். இந்த வளாகத்தின் விடுதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் தாழ்வாரத்தில் நடந்து பாருங்கள். ஓர் அறையில் கோட்டை எழும்பும். அடுத்த அறையில் அதே கோட்டை இடியும். விடிந்தால் தேர்வு என்பதையும் மறந்து, தோற்றவன் "இன்னும் ஒரே ஆட்டம்" என்று கெஞ்சுவான். தமிழ் தெரியாத பஞ்சாபி நண்பனும், இந்தி தெரியாத நம் திருநெல்வேலித் தம்பியும் முதன்முதலில் நட்புக்கொள்வது பல வேளைகளில் இந்தக் களத்தில்தான். ஆகவே இதைப் பற்றி நம் மன்ற இதழில் எழுத நான் தயங்கவில்லை.

நான் எழுத வந்தது வியூக விளையாட்டுகளைப் பற்றி. ஊர் சமைத்து, பொருள் சேர்த்து, படை திரட்டிப் பகைவனை வெல்லும் வகை அது. கைவிரைவு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். இவ்வகையில் பெயர் பெற்றவை பல, 1995க்கும் 2007க்கும் இடையில் வெளிவந்தவை. இருபது ஆண்டுகள் கடந்தும் அவற்றை ஆடுவோர் உலகெங்கும் உள்ளனர். ஆனால் பழைய விளையாட்டு புதிய கணினியில் தடுமாறும்; பெரிய திரையில் படம் மங்கும். எனவே நிறுவனங்கள் அவற்றைத் துலக்கி, மெருகிட்டு, மீண்டும் விற்கின்றன. இதற்கு 'ரீமாஸ்டர்' என்று பெயர். நல்ல எண்ணந்தான். பழைய குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதை யார் குறை சொல்வார்? துலக்கித் தருகிறேன் என்று வாங்கிப் போனவர் தகர விளக்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் வழக்கு வருகிறது.

அப்படி வந்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 'வார்கிராஃப்ட் 3' என்னும் விளையாட்டைப் பிளிசார்ட் நிறுவனம் 2002ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வெளியிட்டது. நான் பிறந்த ஆண்டும் அதுவே. 2018 நவம்பரில் அந்நிறுவனம் மேடையேறி, 'ரீஃபோர்ஜ்டு' என்ற பெயரில் அதைப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தது. நான்கு மணி நேரக் கதைக்காட்சிகள் புதிய கோலம் பெறும் என்றனர். மாதிரிக்கு ஒரு காட்சியையும் காட்டினர். மக்கள் நம்பி முன்பணம் கட்டினர். 2020 சனவரி 28 அன்று பொருள் வந்தது. மேடையில் கண்ட அழகிய காட்சியமைப்பு அதில் இல்லை. அதையாவது பொறுக்கலாம். வென்றவர் தோற்றவரை வரிசைப்படுத்தும் ஏணி இல்லை. வீரர் சேர்ந்து அமைக்கும் குழுக்கள் இல்லை. தம் ஆட்ட வரலாற்றைக் காணும் பக்கமும் இல்லை. 2002ஆம் ஆண்டின் விளையாட்டில் இருந்தவை 2020ஆம் ஆண்டின் புதுப்பிப்பில் இல்லை! இதற்குப் பெயர் வளர்ச்சியா?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. புதியதை வாங்காமல், பழையதே போதும் என்று இருந்தவர்களையும் நிறுவனம் விடவில்லை. இணையத்தில் ஆட வேண்டுமானால் ஏறக்குறைய 30 கிகாபைட் அளவுள்ள புதிய நிரலை இறக்கியே ஆக வேண்டும் என்றாயிற்று. காசு கொடுத்து முன்பே வாங்கிய பழைய வீட்டின் கதவைப் பூட்டிவிட்டு, "புதிய வீட்டின் திண்ணையில் படுத்துக்கொள்" என்று சொன்னது போல ஆயிற்று.

தமிழ் மாணவர்களாகிய நமக்கு இதை விளக்க வேறோர் உவமையும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். ஓர் ஏட்டோடு இன்னோர் ஏட்டை ஒப்பிட்டார். பாடம் வேறுபட்ட இடங்களில் தமக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடவில்லை. பாடபேதங்களையும் குறித்து வைத்தார். பதிப்பு வெளிவந்தபின் அவர் வீடு வீடாகச் சென்று பழைய ஏடுகளை எரித்தாரா? எரித்திருந்தால் பின்வந்தோர் எதைக் கொண்டு அவர் பதிப்பைச் சரிபார்ப்பர்? நல்ல பதிப்பாசிரியனுக்கும் பொல்லாத வணிகனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. புதுப் பதிப்பு தவறாக அமைவது மன்னிக்கக்கூடிய குற்றம். மனிதர் செய்வது பிழைபடும். பழைய ஏட்டை எரிப்பது மன்னிக்க முடியாத குற்றம்.

நடுவுநிலை தவறக்கூடாது, ஆதலால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பணத்தைத் திரும்பக் கேட்டவர்களுக்குப் பிளிசார்ட் திருப்பிக் கொடுத்தது. 2022இல் தரவரிசை ஏணியை மீண்டும் சேர்த்தது. 2024 நவம்பரிலும் ஒரு பெரிய திருத்தம் வெளியிட்டது. பணச் சிக்கனமும் திட்டக் குழப்பமுமே அந்தப் புதுப்பிப்பைக் கெடுத்தன என்று 2021இல் புளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. அங்கே உழைத்த கலைஞரையும் நிரலாளரையும் நான் பழிக்கவில்லை. குறைந்த பணத்தில் குறுகிய காலத்தில் கோபுரம் கட்டச் சொன்னால் கொத்தனார் என் செய்வார்?

இன்னொரு கதை கேளுங்கள். இது சூழ்ச்சியால் வந்ததன்று, கவனக்குறைவால் வந்தது. 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3' என்பது 1999இல் வந்த புகழ்மிக்க விளையாட்டு. அதற்குப்பின் இரண்டு விரிவுப் பாகங்கள் வந்தன. 2015 சனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம் அதன் புதுப்பிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதில் முதற்பாகம் மட்டுமே இருந்தது. விரிவுப் பாகங்கள் எங்கே என்று கேட்டால், அவற்றின் மூலநிரல் தொலைந்துபோயிற்று என்ற விடை கிடைத்தது! உலகெங்கும் ஆயிரமாயிரம் பேர் ஆடிய ஒன்றின் மூலம், உரிமை உடையவர் கையிலேயே இல்லை. செல்லரித்த ஏட்டின் கதை பழங்காலத்தோடு முடிந்தது என்று யார் சொன்னார்? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்ந்து சொன்னது. மறைந்த தமிழ் நூல்களின் பெயர்ப்பட்டியலைப் படித்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும்.

இனி மறுகரைக்கு வருவோம். நிறுவனங்கள் கைவிட்டபோது ஆட்டக்காரர் என்ன செய்தனர்? அழுதுகொண்டு உட்காரவில்லை. வார்கிராஃப்ட் 3-க்கு ஏணி இல்லையென்றதும், அன்பர்கள் சேர்ந்து 'டபிள்யூ3 சாம்பியன்ஸ்' என்ற பெயரில் தாங்களே ஓர் ஏணியை அமைத்தனர். நிறுவனம் தன் ஏணியைக் கொணரும் வரை போட்டியை உயிரோடு வைத்திருந்தது அதுவே. ஹீரோஸ் 3-க்கு அன்பர்கள் ஆக்கிய 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்னும் இலவச விரிவுப் பாகம், விற்பனைக்கு வந்த புதுப்பிப்புக்கு முன்பே பிறந்தது. 2007இல் வந்த 'சுப்ரீம் கமாண்டர்: ஃபோர்ஜ்டு அலையன்ஸ்' விளையாட்டின் இணைய சர்வர் மூடப்பட்டபோது, அதை ஆடுவோர் 'ஃபோர்ஜ்டு அலையன்ஸ் ஃபாரெவர்' என்று தமக்கென ஒரு களம் கட்டிக்கொண்டனர். 1999இல் வந்த 'வார்சோன் 2100' என்ற விளையாட்டின் மூலநிரல் 2004இல் பொதுவில் விடப்பட்டது; அன்று முதல் தன்னார்வலர் கையில் அது வளர்ந்து வருகிறது. இவர்களுக்குச் சம்பளம் இல்லை. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் அமர்ந்து எழுதும் கூட்டம் இது.

'0 ஏ.டி.' என்ற விளையாட்டைத் தனியே குறிப்பிட வேண்டும். 2001இல், 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டை மாற்றியமைக்கும் ஓர் எண்ணமாகத் தொடங்கியது அது. பின்னர் தனி விளையாட்டாயிற்று. 2009இல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கிரேக்கரும் உரோமரும் பாரசீகரும் இருக்கும் அந்தக் களத்தில் மௌரியரும் இருக்கின்றனர். 2025 சனவரியில் வெளிவந்த 27ஆம் பதிப்புக்கு அவர்கள் இட்ட பெயர் 'அக்னி'. ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம்.

அன்பர் உழைப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தமிழர் நேரடியாகத் தொடர்புடைய சான்றே உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 முதலில் வந்தது 1999இல். 2013இல் 'எச்.டி.' பதிப்பு வந்தது. பலரோடு சேர்ந்து ஆடும்போது அது தடுமாறியது. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் பழைய பதிப்பை விட்டு நகரவில்லை. பழையதையே அகலத்திரையில் ஓடவைக்கும் திருத்தத்தையும் அன்பர்களே எழுதியிருந்தனர். இதற்கிடையில் 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்' என்ற அன்பர் குழு, இந்தியர் உள்ளிட்ட ஐந்து புதிய இனங்களைச் சேர்த்து இலவச விரிவு ஒன்றை ஆக்கியது. நிறுவனம் அதைத் தடுக்காமல் 2013இலேயே தன் அதிகாரபூர்வமான விரிவாக ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் வந்த 'டெஃபினிடிவ்' பதிப்பை ஆக்கியவர்களில் முதன்மையானவர் அதே அன்பர் குழுவினர். 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' வந்தது. 'இந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்ததை அவிழ்த்து, வங்காளியர், கூர்ச்சரர், திராவிடர் என்று தனித்தனியே காட்டியது. இராசேந்திர சோழனுக்கு அதில் ஒரு படையெடுப்புக் கதை உண்டு. உருமி வாளேந்திய வீரன் உண்டு. திரிசடை என்ற பெயரில் ஒரு போர்க்கப்பலும் உண்டு. எங்கோ பிறந்த ஆட்டக்காரன் ஒருவன் தன் அறையில் அமர்ந்து, 1025இல் கடாரம் நோக்கிச் சென்ற கடற்படையை ஓட்டுகிறான். பணம் படைத்தவர் மட்டும் முடிவுசெய்திருந்தால் இது நடந்திருக்குமா? மூடிய கதவை அன்பர்கள் தட்டினர், நிறுவனமும் திறந்தது. இரண்டும் நடந்ததால்தான் இது கைகூடிற்று.

திறந்த மனத்தோடு புதுப்பித்ததற்கு இன்னொரு நல்ல முன்மாதிரி 'கமாண்ட் அண்ட் கான்கர்' தொகுப்பு. 2020 சூன் 5 அன்று அது வெளிவந்தது. பழைய விளையாட்டை முன்பு ஆக்கியவர்களில் சிலர் தொடங்கிய பெட்ரோகிளிஃப் நிறுவனத்திடமே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்தப் பணியை ஒப்படைத்தது. ஆட்டக்காரர் சிலரை ஒரு மன்றமாக அமைத்து அறிவுரை கேட்டனர். ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய படம். மீண்டும் அழுத்தினால் பழைய படம்! பாடபேதத்தைப் பக்கத்திலேயே வைத்தது போன்ற நேர்மை அது. அத்தோடு நில்லாமல், விளையாட்டின் உள்நிரலை ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வெளியிட்டனர். 2025 பிப்ரவரியில் அதே வரிசையின் வேறு சில விளையாட்டுகளின் மூலநிரலையும் வெளியிட்டனர். இதனால் நிறுவனம் ஏழையாகிவிடவில்லை. ஒரே ஆண்டில், ஆறு திங்கள்கூட இடைவெளி இல்லாமல், ஒரு புதுப்பிப்பு வசைமொழி வாங்கியது. மற்றொன்று வாழ்த்து வாங்கியது. வேறுபாடு பணத்தில் மட்டும் இல்லை. ஆடுவோரைத் திருடராக நினைப்பதா, உறவினராக நினைப்பதா என்ற மனப்பான்மையில் இருந்தது.

வார்கிராஃப்ட் 3 கதையில் இந்த மனப்பான்மை நன்றாகவே வெளிப்பட்டது. அதனுடன் வந்த களம் அமைக்கும் கருவியைக் கொண்டு அன்பர்கள் ஆக்கியதே 'டோட்டா'. அது பின்னர் உலகப் புகழ் பெற்றது. 2013இல் வால்வ் என்ற வேறொரு நிறுவனம் அதன் இரண்டாம் பாகத்தைத் தனி விளையாட்டாக வெளியிட்டது. கைநழுவிய பழத்தை எண்ணி ஏங்கியவர்கள் செய்தது என்ன? 2020இல், இக்கருவியால் யார் எதை ஆக்கினாலும் அது நிறுவனத்தின் உடைமையே என்று விதி எழுதினர். உழுதவனுக்குப் பதரும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த விதிக்குப்பின் எந்த இளைஞன் மனமுவந்து புதியதொன்றை அங்கே விதைப்பான்?

"அவர்கள் பொருள், அவர்கள் விருப்பம். உனக்கென்ன?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கிய பந்தை விற்றவன் வந்து பிடுங்கலாமா என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர்கள் நுணுக்கமாக விடை சொல்வர்: "நீ வாங்கியது பந்தை அன்று, பந்தாடும் அனுமதிச் சீட்டை." ஆம், ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் விற்கும்போது 'வாங்குக' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, 'அனுமதி மட்டுமே' என்பதைப் பொடியெழுத்தில் போடுவது அறமா? கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி முதல் நடப்புக்கு வந்த சட்டம், விற்பது அனுமதியே என்றால் அதை வெளிப்படையாகச் சொல் என்கிறது. விற்ற விளையாட்டை நிறுவனம் நினைத்தபோது செயலிழக்கச் செய்யலாகாது என்று கோரும் ஐரோப்பியக் குடிமக்கள் முறையீட்டில் 2025 சூலைக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். கேள்வி கேட்கத் தொடங்கியவர்கள் நாம் மட்டும் அல்லர்.

இரண்டாவது தடை வேறு வகையானது. அதில் உண்மையும் உண்டு. அன்பர் ஆக்கங்களும் குறையற்றவை அல்ல. சம்பளம் இல்லாத வேலை பாதியில் நிற்கும்; மூவர் சேர்ந்தால் நாலு சண்டை வரும். 0 ஏ.டி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்தும் முழுமை பெறவில்லை என்று அதை ஆக்குவோரே ஒப்புக்கொள்வர். படத்துக்கும் இசைக்கும் மூல விளையாட்டையே நம்பி நிற்கும் ஆக்கங்களும் பல. ஆயினும் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். திறந்த நிரல் பாதியில் நின்றால், அடுத்து வருபவன் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம். பூட்டிய நிரல் நின்றால், அதோடு எல்லாம் முடிந்தது. தேர் நடுத்தெருவில் நின்றாலும் வடம் பிடிக்க ஆள் வருவர். பூட்டிய கொட்டகைக்குள் நிற்கும் தேரை யார் இழுப்பது?

இதை நான் விளையாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு நிறமாலைமானி இருக்கிறது. கருவி இன்றும் திருத்தமாக அளக்கிறது. ஆனால் அதை இயக்கும் மென்பொருள், விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் ஒரே ஒரு பழைய கணினியில் மட்டுமே வேலை செய்யும். விற்ற நிறுவனத்தாரைக் கேட்டோம். "புதிய கருவி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றனர். அளவீடுகள் அவர்களுக்கே விளங்கும் ஒரு கோப்பு முறையில் பதிந்து கிடந்தன. எனக்கு மூத்த ஆய்வு மாணவர் ஒருவர் பல வாரங்கள் உட்கார்ந்து, அந்தக் கோப்பின் அமைப்பைத் துருவி அறிந்து, அதைப் படிக்கப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினார். அந்தக் கலையை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். பள்ளி நாட்களில் ஒரு பழைய விளையாட்டின் படக்கோப்புகளைத் திறந்து மாற்றிப் பழகியது என்றார்! விளையாட்டு அறிவைக் கெடுக்கும் என்பாருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

இவ்வாறு துருவி அறிவது குற்றமோ என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். முறையாகப் பெற்ற ஒரு கணினி நிரல் எவ்வாறு இயங்குகிறது என்று கவனித்து, ஆராய்ந்து, சோதித்து அறிவதற்கு அங்கே இடமுண்டு. தனியே ஆக்கிய வேறொரு நிரல் அதனோடு இணைந்து இயங்கத் தேவையான செய்தி வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதைப் பெறுவதற்கும் இடமுண்டு. வணிகநோக்கின்றித் தன் சொந்தப் பயனுக்குப் படியெடுக்கவும் மாற்றியமைக்கவும் இடமுண்டு. திருட்டுப் படியை நான் ஆதரிக்கவில்லை. உழைத்தவனுக்குக் கூலி சேர வேண்டும். வாங்கியவனுக்கு வாங்கியது நிலைக்கவும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது என்ன? மூன்று சொல்வேன். முதலாவது, கண்ணால் காணாத பொருளுக்கு முன்பணம் கட்டாதீர்கள். மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்கிய குடியில் வந்தவர்கள் நாம். மேடையில் ஓடிய இரண்டு நிமிடப் படத்தைப் பார்த்து ஏமாறலாமா? இரண்டாவது, நம் மன்றம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டிகளில் ஒன்றையேனும் கட்டற்ற விளையாட்டில் நடத்தலாம். 0 ஏ.டி.யும் 'ஓப்பன்ஆர்ஏ'வும் எளிய மடிக்கணினியிலும் ஓடும். ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவி இல்லாத முதலாண்டுத் தம்பியும் தங்கையும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க வேண்டிய நிலை மாறும். மூன்றாவது, கைகொடுங்கள். நிரல் எழுத வல்லவர் நிரல் எழுதலாம். வரையத் தெரிந்தவர் வரையலாம். தமிழ் வல்லவர் மொழிபெயர்க்கலாம். வீட்டைவிட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, தாய்மொழியில் பேச ஓர் அறை தேடி இம்மன்றத்தை நாடியவர்கள் நாம். திரையில் 'படை திரட்டுக' என்று தமிழில் ஒரு வரி தோன்றினால் அது சிறிய மகிழ்ச்சியா?

நண்பர்களே! ஒரு விளையாட்டை ஆக்கியவர் ஐம்பது பேர் இருக்கலாம். அதை வாழவைத்தவர் ஐந்து இலட்சம் பேர். பெற்றவளுக்கு உரிமை உண்டு என்பதை மறுப்பாரில்லை. வளர்த்தவளை வாசலில் நிறுத்துவதைத்தான் மறுக்கிறோம். நிறுவனங்கள் புதுப்பிக்கட்டும், விற்கட்டும், பொருளீட்டட்டும். பழையதைப் பழையபடியே ஆட விரும்புபவனுக்கு வழியை அடைக்காதிருக்கட்டும். தம்மால் காக்க முடியாத நாள் வரும்போது, நிரலைக் காக்க வல்லவர் கையில் ஒப்படைக்கட்டும். இவ்வளவே நாம் கேட்பது. கேட்பதோடு நில்லாமல், ஒப்படைக்கும் நாளில் ஏந்திக்கொள்ளும் கையும் நம்மிடம் இருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை இந்தப் பருவத்திலேயே தொடங்குவோம்.